ஒரு வாஷருக்கு ஒன்பது கையெழுத்து

பராமரிப்புப் பிரிவில் எழுத்தராக இருந்தவர்

இருபத்திரண்டு ஆண்டுகள் ஓர் அரசு அலுவலகத்தின் பராமரிப்புப் பிரிவில் கோப்பு எழுதியவன் நான். பார்த்ததில் ஒன்றைச் சொல்கிறேன்.

இரண்டாம் மாடிக் கழிப்பறையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பிளம்பர் பார்த்துவிட்டு, "வாஷர் தேய்ந்துவிட்டது, கால் மணி நேர வேலை" என்றார். ஸ்டோரில் போய்க் கேட்டோம். முழுக் குழாய் இருந்தது, வாஷர் இல்லை. பொருள் பட்டியலில் குழாய்க்கு ஓர் எண் உண்டு, வாஷருக்குக் கிடையாது. எண் இல்லாத பொருளை வாங்க வழியில்லை. சரி, இருக்கிற குழாயையாவது கொடுங்கள் என்றால், அது வேறொரு கட்டடத்தின் கணக்கில் வாங்கியது.

குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். ஒன்பது மேசைகள் ஏறி இறங்க வேண்டும். நான்காவது மேசையில் இருந்தவர், "ஒரு குழாய்க்காக ஏன் தனிக் கோப்பு? மாடி முழுவதற்கும் சேர்த்து மதிப்பீடு தயாரிக்கவும்" என்று ஓரத்தில் எழுதினார். கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, கோப்புகளைக் குறைக்கத்தான் எழுதினார். பதினான்கு குழாய்களுக்கு மதிப்பீடு போட்டோம். அவற்றில் பதின்மூன்று நன்றாக இருந்தவை. புதுக் குழாய்களின் அளவு வேறு என்பதால் சுவரை உடைத்தார்கள். உடைந்த இடத்துக்கு வாங்கிய டைல்ஸின் நிறம் பழையதோடு ஒட்டவில்லை என்று சுவர் முழுவதும் மாற்றினார்கள். இதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது, தண்ணீரும் ஓடிவிட்டது. வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஆண்டுக்கு 3,000 கேலனுக்கு மேல், அதாவது 11,000 லிட்டருக்கு மேல் வீணாகும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்குச் சொல்கிறது. எங்கள் குழாய் வினாடிக்கு ஒன்று என்ற கணக்கோடெல்லாம் நிற்கவில்லை.

கழற்றிய குழாய்களைச் சாக்கில் கட்டி, "பழுதடைந்தவை" என்று சீட்டு ஒட்டி, பின்னர் எடை போட்டு ஏலத்தில் விட்டோம். அந்தச் சீட்டில் இருப்பது என் கையெழுத்து. இத்தனையிலும் ஒருவர்கூட ஒரு காசு எடுக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருக்கும். எழுதுங்கள்.

மின்பணி ஒப்பந்தத்தில் வேலை செய்தவர்

ஐயா, உங்கள் வாஷருக்கு எங்கள் ஸ்டார்ட்டர் தம்பி முறை. குழல்விளக்கு எரியவில்லை என்றால் முதலில் ஸ்டார்ட்டரைப் பார்க்க வேண்டும், பிறகு சோக்கை. எங்கள் ஒப்பந்தத்தின் விலைப்பட்டியலிலோ "விளக்குப் பொருத்தியை முழுமையாக மாற்றுதல்" என்று ஒரே ஒரு வரிதான். பழுது பார்ப்பதற்கு வரியே கிடையாது. வரி இல்லாத வேலையைச் செய்தால் கூலி யாரிடம் கேட்பது?

எல்.இ.டி. பலகைகள் வந்ததும் இது முற்றிவிட்டது. அவற்றில் பெரும்பாலும் முதலில் போவது, விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் என்ற உள்பாகம்தான். விளக்கு மணிகள் நன்றாக இருக்கும். டிரைவரை மட்டும் மாற்றினால் போதும். நாங்கள் பலகையையே கழற்றிக் குப்பையில் போட்டோம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். குப்பைக்குப் போன ஒரு பலகையை எடுத்துச் சென்று, என் கைக்காசில் டிரைவர் வாங்கிப் போட்டு, வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். ஏழு ஆண்டுகளாக எரிகிறது. இது திருட்டா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியை

எங்கள் கதை ஒரு சுவரைப் பற்றியது. மழைக்காலம் முடியும்போதெல்லாம் ஆய்வகத்தின் வடக்குச் சுவர் ஊறி, உப்புப் பூத்து, சுண்ணாம்பு பொரிப் பொரியாக உதிரும். எழுதிப் போடுவோம். நிதியாண்டு முடிய மூன்று வாரம் இருக்கும்போது பணம் வரும். அதைச் செலவழித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும். ஈரம் காயாத சுவரின் மேல் அவசர அவசரமாக வண்ணம் பூசுவார்கள். அடுத்த மழைக்கு அது கொப்பளமாக எழும்பும். மூன்று ஆண்டுகள் இப்படியே போயின. மூன்றுமே வேறு வேறு நிறம். சுவரைச் சுரண்டினால் பள்ளியின் வரலாறு அடுக்கடுக்காகத் தெரியும்.

நான்காம் ஆண்டு கசிவு கூரைக்கும் பரவியது. அதை மறைக்க ஃபால்ஸ் சீலிங் போட்டார்கள். மேலே சொட்டிய நீரை அது பொறுமையாகச் சேர்த்து வைத்திருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இறக்கிவிட்டது. ஞாயிறாக இருந்ததால் பிள்ளைகள் தப்பினார்கள்.

மொட்டை மாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. துப்புரவுப் பணியாளரின் வேலை கட்டடத்துக்குள் மட்டும், ஒப்பந்தக்காரரின் வேலை சுவர் மட்டும். கடைசியில் பந்து எடுக்க ஏறிய ஒரு பையன்தான், "டீச்சர், மேலே குளம் இருக்கிறது" என்று ஓடி வந்து சொன்னான். மழைநீர் வடிகுழாயின் வாயில் இலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருந்தன, நடுவில் நான்கு பந்துகள். காவலாளி ஒரு கம்பால் குத்திவிட்டார். பத்து நிமிடத்தில் குளம் வடிந்தது. அதற்குப் பிறகு அந்தச் சுவருக்கு யாரும் வண்ணம் பூசவில்லை, தேவைப்படவும் இல்லை.

கணக்குத் தணிக்கையில் இருப்பவர்

டீச்சர் சொன்ன "மூன்று வாரம்" உங்கள் பள்ளியின் கதை மட்டும் அல்ல. அமெரிக்க மத்திய அரசின் கொள்முதலை லீப்மன், மஹோனி என்ற இருவர் ஆராய்ந்து 2017இல் கட்டுரை வெளியிட்டார்கள். நிதியாண்டின் கடைசி வாரச் செலவு மற்ற வாரங்களின் சராசரியைப் போல 4.9 மடங்கு இருந்தது. அந்த வாரத்தில் ஒப்பந்தமான தகவல் தொழில்நுட்பத் திட்டங்களின் தரமும் குறைவாக இருந்தது.

எழுத்தர் ஐயாவின் "ஒருவரும் காசு எடுக்கவில்லை" என்ற வரிக்கும் ஓர் ஆய்வு உண்டு. இத்தாலிய அரசு அமைப்புகள் ஒரே மாதிரிப் பொருள்களை என்னென்ன விலைக்கு வாங்கின என்று ஒப்பிட்டு 2009இல் வந்தது. அதன் கணக்கில் மொத்த விரயத்தில் 83 விழுக்காடு, முடிவெடுத்தவருக்கு எந்த ஆதாயமும் தராத விரயம். எனக்கு இது ஆறுதலாக இல்லை. திருடனைப் பிடிக்கலாம், இதில் யாரைப் பிடிப்பது?

செவிலியர், அரசு மருத்துவமனை

எங்கள் வார்டுக் கதவின் கீல் கழன்று ஆறு மாதம். எலும்பு முறிவுக்குப் போடும் பிளாஸ்டர் கட்டுப் போட்டிருக்கிறோம். நோயாளி நலமாக இருக்கிறார்.

ஓய்வுபெற்ற பொறியாளர்

எல்லாரும் சிரிக்கிறீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஒன்பது கையெழுத்தும் ஒரே நாளில் முளைத்தவை அல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கட்டடக் கண்காணிப்பாளரிடமே சில்லறைச் செலவுக்குப் பணம் இருக்கும். முப்பது விளக்குகள் உள்ள கட்டடத்துக்கு மாதம் நாற்பது பல்பு வாங்கியதாக ரசீது வரும். அதைப் பிடித்த பிறகு ஒரு கையெழுத்து கூடியது. அடுத்த முறை வேறெங்கோ பிடித்தார்கள், இன்னொன்று கூடியது. ஒவ்வொரு கையெழுத்துக்குப் பின்னாலும் ஒரு பழைய களவு இருக்கிறது. எதை எடுப்பது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். வாஷர் ஏன் வாங்கினாய் என்று தணிக்கையில் என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஐந்து மாதம் ஏன் சொட்டவிட்டாய் என்று என் பணிக்காலத்தில் யாரும் கேட்டதில்லை. தணிக்கை நண்பர் கோபிக்கக் கூடாது.

கணக்குத் தணிக்கையில் இருப்பவர்

கோபம் இல்லை. ரசீதைத் தணிக்கை செய்யத்தான் எங்களுக்கு எளிதாக இருக்கிறது. சொட்டுக்கு ரசீது இல்லையே.

பராமரிப்புப் பிரிவில் எழுத்தராக இருந்தவர்

பொறியாளர் ஐயா சொல்வது உண்மைதான். என் கடைசிக் காலத்தில் ஓர் அதிகாரி வந்தார். சில்லறைச் செலவுக்கென்று அலுவலகத்தின் கையில் இருக்கும் நிரந்தர முன்பணத்தில் சிறு தொகை ஒதுக்கி, "குழாய் உதிரிகள், ஒரு பெட்டி" என்று ஒரே வரியில் வாங்க அனுமதித்தார். பெட்டி பிளம்பரின் மேசையில் இருந்தது. ஓராண்டுக்கும் மேலாகக் குழாய்க்கென்று ஒரு கோப்புகூட நான் திறக்கவில்லை.

அவர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதற்குக் கணக்கு?" என்றார். பொறியாளர் ஐயாவின் நாற்பது பல்பு நினைவு அவருக்கும் இருந்திருக்க வேண்டும். ஒரு பதிவேடு திறந்தேன். எடுத்த வாஷர் ஒவ்வொன்றுக்கும் தேதி, இடம், கையெழுத்து, அதோடு கழற்றிய பழைய வாஷரையும் ஒப்படைக்க வேண்டும். பிளம்பர் சலித்துக்கொண்டார், ஆனால் ஒப்படைத்தார். அவற்றை ஓர் உறையில் போட்டு வைத்தேன்.

ஓய்வுபெற்ற நாளில் நான் பொறுப்பு ஒப்படைத்த பட்டியலில் அதுவும் ஒரு வரி: தேய்ந்த வாஷர்கள், 61. எனக்கு அடுத்து வந்த பெண் உறையைக் கவிழ்த்து மேசையில் கொட்டி, இரண்டு முறை எண்ணிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.