மறு: ஹைபிரிட் காரை ப்ளக்-இன் ஆக்குவதற்கு என்ன சொல்?

வணக்கம் ஐயா,

நம் சொற்பட்டியலுக்காக, பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் காரைக் கம்பி செருகி வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றும் ப்ளக்-இன் காராக மாற்றுவதற்குச் சொல் தேடுகிறோம். நீங்கள் எழுதியது:

> 'மின்மாற்று ஊர்தி' என்று வைத்தால் என்ன? சுருக்கமாக இருக்கிறதே.

வேண்டாம் ஐயா. மின்மாற்றி என்றால் டிரான்ஸ்பார்மர். பிள்ளைகளுக்குத் தெருக் கம்பத்துப் பெட்டிதான் ஞாபகம் வரும். 'மின்னேற்று ஊர்தி'யும் ஒத்துவராது. முழு பேட்டரி காரையும் அப்படிச் சொல்லலாம், எஞ்சின் இருப்பதே மறைந்துபோகும்.

டொயோட்டாவின் ஹைபிரிட் காரான ப்ரியஸில் இரண்டாம் தலைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பேட்டரி ஏறக்குறைய 1.3 கிலோவாட் மணிதான். இங்கே மொரீஷியஸில் மேட்டிலிருக்கிற க்யூர்பிப்பிலிருந்து போர்ட் லூயிஸுக்கு வந்தால் 500 மீட்டருக்கு மேல் இறக்கம். பிரேக் பிடிக்கப் பிடிக்க மின்சாரம் உண்டாகி, திரையில் பேட்டரிக் கோடுகள் ஏறி, வழியிலேயே பச்சையாகிவிடும், அதாவது நிறைந்துவிடும். அதற்கு மேல் வரும் மின்சாரத்துக்கு இடமில்லை; எஞ்சின் பெட்ரோல் குடிக்காமல் வெறுமனே சுழன்று இரையும். பட்டறைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டுப் பயந்துபோய், எஞ்சின் கெட்டுவிட்டது என்கிறார்கள்!

கலிபோர்னியாவில் கால்கார்ஸ் என்ற குழு 2004-இல் செய்தது இதுதான்: ஒரு ப்ரியஸின் பின்பக்கம் ஈய-அமில பேட்டரிகளைக் கூடுதலாக வைத்து, வீட்டு ப்ரீஸிலிருந்து (சுவர் ப்ளக் பாயின்ட்) சார்ஜ் ஏற்றினார்கள். 'பேட்டரி இன்னும் நிறைந்துதான் இருக்கிறது' என்று காரின் கணினியை நம்பவைப்பதில்தான் சூட்சுமம். அப்போதுதான் அது மின்சாரத்தைத் தாராளமாகச் செலவழிக்கும். அப்படியும் மணிக்கு 68 கிலோமீட்டருக்கு மேல் போனால் எஞ்சின் சுழன்றே ஆகவேண்டும், அந்த கியர் அமைப்பு அப்படி. நம் மோட்டார்வேயில் முழு மின்சார ஓட்டம் கிடையாது.

கட்டுப்படியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். இப்படி மாற்றுவதற்கென்றே பின்னாளில் கடைக்கு வந்த ஹைமோஷன் பேட்டரி கிட் 5 கிலோவாட் மணி, விலை சுமார் 10,000 டாலர். நம் பணத்தில் நாலரை லட்சம் மொரீஷியஸ் ரூபாய் அளவில் வரும். தினம் 30 கிலோமீட்டர் அந்த மின்சாரத்தில் ஓடினால் ஒன்றரை லிட்டர் மிச்சம். வருடத்துக்கு 300 நாள், 450 லிட்டர். லிட்டர் 60 ரூபாய் என்றே வைப்போம்: 27,000 ரூபாய். இதில் மின்கட்டணத்தைக் கழிக்கவேண்டும், அதுவும் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் கட்டணம். போட்ட காசு வர பதினாறு வருடத்துக்கு மேல். அதற்குள் கார் இரும்புக் கடைக்குப் போய்விடும். புது பேட்டரிகள் மலிந்துவிட்டன, உண்மைதான். ஆனால் சார்ஜர், கூலி, காப்பீட்டுக்காரருக்குப் பதில் சொல்வது எல்லாம் மலியவில்லை. ஹைபிரிட் ஏற்கெனவே குறைவாகக் குடிக்கிற கார், அதில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? கம்பெனியே ப்ளக்-இன்னாகச் செய்து விற்பதை வாங்குவது வேறு கணக்கு.

அதனால்தான் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் கேட்கிறேன். கம்பெனி வண்டிக்குச் 'செருகு கலப்பூர்தி'. பிறகு மாற்றும் வேலைக்குச் 'செருகாக்கம்', தமிழாக்கம் மாதிரி. 'இது செருகாக்கிய கார்' என்று விற்கிறவர் சொல்லிவிட்டால், வாங்குகிறவர் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்பார்.

ரோஸ் ஹில்லிலிருந்து

—

தம்பிக்கு,

மின்மாற்றியை நான் யோசிக்கவில்லை, விட்டுவிடலாம்.

'செருகு' எனக்குச் சம்மதம். கொண்டையில் பூச் செருகுகிறோம், இடுப்பில் முந்தானை செருகுகிறோம், கம்பியையும் செருகட்டும். கண் செருகுவதும் உண்டு. பதினாறு வருடக் கணக்கைப் படித்தபோது எனக்கே செருகியது.

கலப்பூர்திதான் இடிக்கிறது. வகுப்பில் யாரும் ஊர்தி என்று சொல்வதில்லை, தேர் ஊர்வலத்தில்தான் அந்தச் சத்தம் கேட்கும். 'கலப்பின கார்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன, அது மாட்டுக்கும் நெல்லுக்கும் ஆன சொல். 'கலப்புக் கார்' போதாதா? பெட்ரோலும் மின்சாரமும் கலந்து ஓடுகிறது, அவ்வளவுதானே. செருகு கலப்புக் கார், செருகாக்கம். வேறு யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் தைப்பூசத்துக்கு முன் எழுதுங்கள். அதற்குப் பிறகு பட்டியலை அச்சுக்குக் கொடுக்கவேண்டும்.

மோக்காவிலிருந்து

—

ஐயா, கலப்புக் கார் சரி. ஆனால் வேனும் லாரியும் ஹைபிரிட்டாக வருகின்றனவே, அவற்றுக்குக் 'கலப்பு வேன்' என்றே போகலாமா? அப்படியானால் பட்டியலில் 'கலப்பு', 'செருகு கலப்பு' இரண்டையும் அடைமொழியாகவே போட்டுவிடுங்கள், பின்னால் எந்த வண்டியையும் சேர்த்துக்கொள்ளலாம்.