கனடாவில் முதல் வீடு: கார் எடுக்கும் முன் ஒரு நிமிடம்

வேலை கிடைத்ததும் புதுக் கார் எடுக்க ஆசை வரும். மைனஸ் இருபதில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் வீடும் வாங்கும் எண்ணம் இருந்தால், தம்பி தங்கச்சிமாரே, கொஞ்சம் பொறுங்கள்.

நீங்கள் கட்டத் தவறினால் கடன் கொடுப்பவருக்கு ஈடுசெய்யும் காப்புறுதியோடு எடுக்கும் மோட்கேஜில், அதாவது வீட்டுக் கடனில், வீட்டுத் தவணை, சொத்து வரி, ஹீட்டிங், மற்றக் கடன்கள் எல்லாம் சேர்ந்து வரிக்கு முந்திய வருமானத்தில் 44 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்கை உங்களுக்குத் தரும் வட்டியில் போடமாட்டார்கள். அதோடு 2 சதவீதம் கூட்டித்தான் போடுவார்கள். வட்டி 4.5 என்றால் 6.5இல் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால், 25 வருட மோட்கேஜில், மாதம் 600 டாலர் கார் தவணை உங்களுக்குக் கிடைக்கக்கூடிய கடனில் ஏறத்தாழ 90,000 டாலரைக் குறைத்துவிடும். டொரொண்டோவின் ஸ்காபரோவில் ஒரு படுக்கையறை கூடுவதும் குறைவதும் அந்தக் காசில்தான். ஓடக்கூடிய பழைய கார் ஒன்றைக் கைக்காசு கொடுத்து வாங்குங்கள்.

கடன் கொடுப்பவர் உங்கள் கிரெடிட் ஸ்கோரையும், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் புள்ளியையும், பார்ப்பார். அதற்குக் கிரெடிட் கார்டில் லிமிட்டின் 30 சதவீதத்துக்குள் பாவித்து, மாதாமாதம் முழுதாகக் கட்டிவிடுங்கள். அது போதும்.

அடுத்தது, எஃப்எச்எஸ்ஏ (FHSA), முதல் வீடு வாங்கக் காசு சேர்க்கும் கணக்கு. போடக் காசு இல்லாவிட்டாலும் இந்த வாரமே திறந்து வையுங்கள். திறந்த வருடத்திலிருந்துதான் வருடத்துக்கு 8,000 டாலர் வரம்பு சேரத் தொடங்கும். இந்த வருடம் போடாததை அடுத்த வருடம் சேர்த்துப் போடலாம். மொத்தம் 40,000 வரை. போடும்போது வரிக்கழிவு உண்டு, முதல் வீட்டுக்கு எடுக்கும்போது வரி இல்லை. இரண்டு பக்கமும் லாபம் தரும் கணக்கு வேறு எனக்குத் தெரியாது. ஆர்ஆர்எஸ்பி (RRSP) என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் காசு இருந்தால், முதல் வீட்டுக்கு அதிலிருந்தும் 60,000 வரை எடுக்கலாம், ஆனால் அதை 15 வருடத்தில் திருப்பிப் போட வேண்டும்.

நம் ஆட்கள் அதிகம் சிக்குவது முன்பணத்தில். சீட்டுக் காசைக் கையில் வாங்கி வீட்டில் வைத்திருந்து, வீடு பார்த்த பிறகு ஒரேயடியாக வங்கியில் போடுவார்கள். கடன் கொடுப்பவர் 90 நாள் வங்கிக் கணக்கு விவரம் கேட்பார். திடீரென்று 20,000 டாலர் வந்திருந்தால் எங்கிருந்து வந்தது என்பார். அதற்குக் காகிதம் இல்லையென்றால் அந்தக் காசைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். அதனால் சீட்டு எடுத்தால் உடனே வங்கியில் போடுங்கள். அப்பா அம்மா உதவினால், அது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை என்று கையெழுத்திட்ட கடிதமும் பணம் அனுப்பிய ரசீதும் வாங்கி வையுங்கள்.

அப்புறம், இவ்வளவு கடன் தரலாம் என்ற முன்அனுமதி கிடைத்துவிட்டதே என்று வேலை மாறுவதோ, தவணைக்குத் தளபாடம் எடுப்பதோ வேண்டாம். சாவி கைக்கு வரும்வரை கடன் கொடுப்பவர் உங்கள் வேலையையும் கடன்களையும் மறுபடியும் பார்க்கலாம்.