பேசி முடித்த சம்பளத்துக்கு மேல் ஓவர்டைம் ஏன் கொடுக்க வேண்டும்?

கொங்குத்தமிழன்:
அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் பக்கம் எட்டு வருடமாக உணவகம் நடத்துகிறேன். இப்போது கலிபோர்னியாவில், ஃப்ரீமாண்டில் இரண்டாவது கடை. மாஸ்டர் ஒருவருக்கு வாரம் 1,200 டாலர் என்று பேசி முடித்தேன். ஆறு நாள், நாளைக்குப் பத்து மணி நேரம். அவருக்கும் முழுச் சம்மதம். புதுக் கணக்காளர் இது செல்லாது, ஓவர்டைம் தனியாக வரும் என்கிறார். மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து மணிக்கு 7.25 டாலர்தான். நான் கொடுப்பது மணிக்கு 20 டாலர். இரண்டு பேர் மனசார ஒத்துக்கொண்ட பேச்சில் அரசுக்கு என்ன வேலை?

பேரேடு:
உங்கள் கணக்காளர் சொன்னது சரி. 1938-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட மத்தியச் சட்டம் இது. வாரத்தில் 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு. தொழிலாளியே 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. மாநிலச் சட்டம் அதைவிட அதிகம் கொடுத்தால் அதுதான் பொருந்தும்.

உங்கள் 1,200-ஐயே எடுத்துக்கொள்வோம். அது 60 மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் என்று இருவருக்கும் தெளிவாக இருந்தால், மத்தியச் சட்டப்படி 1,200-ஐ 60-ஆல் வகுக்கலாம். மணிக்கு 20. கூடுதல் 20 மணி நேரத்துக்கான ஒரு மடங்கு 1,200-க்குள்ளேயே வந்துவிட்டது, மீதி அரை மடங்கு, அதாவது வாரம் 200 டாலர் பாக்கி. கலிபோர்னியாவில் அப்படி வகுக்க முடியாது. வாரச் சம்பளம் முதல் 40 மணி நேரத்துக்கு மட்டுமே. மணிக்கு 30, ஓவர்டைம் 45. இருபது மணி நேரத்துக்கு 900 டாலர்.

டல்லாஸிலும் இப்படித்தான் கொடுக்கிறீர்களா? அப்படியானால் அந்த 200 அங்கேயும் பாக்கி.

கொங்குத்தமிழன்:
ஒரே ஆள், ஒரே அடுப்பு. ஓரிடத்தில் 200, இன்னொரு இடத்தில் 900. இதை எப்படிச் சட்டம் என்பது? தங்க அபார்ட்மெண்ட், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் நான்தான் கொடுக்கிறேன். அதெல்லாம் கணக்கில் வராதா?

வளைகுடா ராஜா:
அண்ணா, 'கிச்சன் மேனேஜர்' என்று பதவி போட்டுவிடுங்கள். மேனேஜருக்கு ஓவர்டைம் கிடையாது.

பேரேடு:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பதவியின் பெயருக்கு மதிப்பில்லை, வேலை என்ன என்றுதான் பார்ப்பார்கள். கலிபோர்னியாவில் பாதி நேரத்துக்கு மேல் நிர்வாக வேலை செய்திருக்க வேண்டும். சம்பளமும் மாநிலக் குறைந்தபட்சக் கூலியின் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 2026-க்கு அது வருடம் 70,304 டாலர். நாள் முழுக்கக் கல்லில் நிற்பவர் மேனேஜர் ஆக மாட்டார். அபார்ட்மெண்ட் விஷயம்: தொழிலாளி விரும்பி எழுதிக் கொடுத்தால் ஒரு வரம்புக்குள் கழிக்கலாம், அவ்வளவுதான்.

மாவரைத்தவன்:
கொங்குத்தமிழன் அண்ணா, அந்த மாஸ்டர் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். எந்தக் கடை என்று சொல்ல விரும்பவில்லை. காலை ஒன்பதுக்கு மாவு எடுத்து வைப்பதில் ஆரம்பித்து, இரவு கல்லைச் சுரண்டித் துடைத்து வெளியே வர பதினொன்று ஆகும். சனிக்கிழமை ஒரு தாள் வரும். ஆறு நாளுக்கும் எட்டு எட்டு மணி நேரம் என்று முன்பே எழுதியிருக்கும். நான் கையெழுத்து மட்டும் போட வேண்டும். அதற்குப் பெயரும் சம்மதம்தான். தங்கும் இடம் முதலாளியுடையது, விசாவும் அவர் கையில். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கும். உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் அந்தந்தக் கட்டத்திலேயே பென்சிலால் குறித்து வைத்தேன். மாநிலத் தொழில் ஆணையர் அலுவலகத்தில் மனு போட வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை. கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் எடுபடவில்லை, காலண்டர் எடுபட்டது.

பேரேடு:
அதற்கு 1946-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, மவுண்ட் கிளமென்ஸ் பானைத் தொழிற்சாலை வழக்கு. முதலாளி ஒழுங்காக நேரக் கணக்கு வைக்கவில்லை என்றால் தொழிலாளியின் நியாயமான உத்தேசக் கணக்கே போதும். அது தவறு என்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு.

கொங்குத்தமிழன்:
தம்பி, உங்களுக்கு நடந்தது அநியாயம். பொய்த் தாளில் யாரிடமும் நான் கையெழுத்து வாங்கியதில்லை. ஆனால் ஒழுங்காக நடப்பவனையும் இந்தச் சட்டம் அடிக்கிறதே! ஐந்தாவது மணி முடிவதற்குள் முப்பது நிமிட இடைவேளை கொடுக்க வேண்டுமாம். மதியக் கூட்டத்தில் பத்து நிமிடம் தாமதமானால் ஒரு மணி நேரச் சம்பளம் தண்டம். கூட்டம் குறையட்டும் என்று மாஸ்டரே நிற்பார், நான் நிறுத்தி வைப்பதில்லை. ஸ்டார்பக்ஸ் ஊழியர் ஒருவர் கடையைப் பூட்டிய சில நிமிடங்களுக்காகக் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனாரே. பதினேழு மாதத்துக்கு மொத்தம் 102 டாலர்!

மாவரைத்தவன்:
102 டாலர் 67 சென்ட். அன்று அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8 டாலர், அந்த ஆளுக்கு அது பதின்மூன்று மணி நேர உழைப்பு. 2018-ல் நீதிமன்றமும் சில்லறை என்று தள்ளிவிடவில்லை. உங்கள் கல்லாவில் மாதாமாதம் ஆறு டாலர் குறைந்தால் விடுவீர்களா அண்ணா?

பேரேடு:
இடைவேளைத் தண்டம் கடுமைதான், அதில் கொங்குத்தமிழன் பக்கம் நிற்கிறேன். ஆனால் அந்த 900 வாரச் சம்பளமாகப் பேசியதால் வந்தது. மணிக் கூலியாகப் பேசுங்கள். 40 மணி நேரமும், ஒன்றரை மடங்கில் 20 மணி நேரமும் சேர்ந்தால் 70 பங்கு. 1,200-ஐ 70-ஆல் வகுத்தால் மணிக்கு சுமார் 17.14. மாநிலக் குறைந்தபட்சக் கூலி 16.90, அதைத் தாண்டிவிட்டது. ஆனால் ஃப்ரீமாண்ட் நகரத்துக்கே தனிக் கூலி உண்டு, 2025 ஜூலையிலிருந்து 17.75. அதில் போட்டால் வாரம் 1,242 டாலர் 50 சென்ட்.

மாவரைத்தவன்:
சரியான கணக்குதான், ஆனால் மனசு ஒப்பவில்லை. மாவின் புளிப்பைக் கை வைத்தே சொல்கிறவருக்கும் நேற்று சேர்ந்த பையனுக்கும் ஒரே கூலியா?

கொங்குத்தமிழன்:
இல்லை தம்பி, அந்தக் கூலிக்கு அவரைக் கேட்க எனக்கே வாய் வராது. மணிக்கு 20 என்றே எழுதுகிறேன். ஆறாவது நாளுக்கு வேறு ஆள் போட்டு அவரை 50 மணி நேரத்தில் நிறுத்தினால் 1,100 வரும், அவருக்கு ஒரு நாள் ஓய்வும் கிடைக்கும். அவர் சரி என்றால் அப்படி. அறுபதுதான் வேண்டும் என்றால் 1,400 கொடுக்கிறேன். இடைவேளைத் தண்டம் நியாயமே இல்லை என்பதில் மட்டும் மாற மாட்டேன்.

பேரேடு, டல்லாஸ் பாக்கி எத்தனை வருடத்துக்கு?

பேரேடு:
இரண்டு வருடம். தெரிந்தே செய்தது என்றால் மூன்று. வழக்காகப் போனால் பாக்கி அளவுக்கே இன்னொரு பங்கும் சேரலாம். ஆள் வாரியாக நேரக் கணக்கு இருக்கிறதா?

கொங்குத்தமிழன்:
இல்லை. சம்பளப் பதிவு மட்டும்தான். அங்கே இரண்டு மாஸ்டர்கள், திங்கட்கிழமை கடை விடுமுறை. அன்றைக்கு இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேட்கிறேன்.

மாவரைத்தவன்:
கேளுங்கள் அண்ணா. ஒரு காலண்டரும் பென்சிலும் எடுத்துப் போங்கள். எழுதுவது அவர்களாக இருக்கட்டும்.