ஏரி ஆக்சிஜன் ப்ராஜெக்ட்: எல்லாக் குழுவும் ஒரே காரணத்தில் நின்றுவிடுகிறது, யோசனை வேண்டும்

வணக்கம். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுக்குச் சுற்றுச்சூழல் அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் 46 பேர், வாரம் ஒரு லேப், இரண்டு மணி நேரம். இந்த செமஸ்டரில் மேனுவலை ஒதுக்கிவிட்டு, பக்கத்து ஏரியை வைத்துக் கேள்வியையும் சோதனையையும் மாணவர்களையே வகுக்கச் சொன்னேன்.

தரவு அருமையாக வந்தது. காலை 6 மணிக்குக் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி.க்கும் கீழே. பிற்பகல் 3 மணிக்கு அதே படித்துறையில் 12. முப்பது டிகிரி நீரில் காற்றிலிருந்து கரையக்கூடியது ஏறக்குறைய 7.5தான், மிச்சம் பாசியின் ஒளிச்சேர்க்கை. விங்க்ளர் முறையிலும் (ரசாயன டைட்ரேஷனில் ஆக்சிஜனை அளப்பது) சரிபார்த்தாயிற்று, மீட்டரில் கோளாறு இல்லை.

சிக்கல் முடிவுரையில். எல்லாக் குழுவும் "காரணம் சாக்கடை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால் சேற்றிலிருந்து பாஸ்பரஸ் வெளிவரும், அது இன்னும் பாசியை வளர்க்கும், அந்தப் பாசி மடிந்து மட்கும்போது ஆக்சிஜன் மறுபடி தீரும் என்ற சுழற்சி யாருக்கும் எட்டவில்லை. நான் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். அப்புறம் அது அவர்கள் கண்டுபிடித்தது ஆகாதே!

காரண-விளைவு வரைபடம் போடச் சொன்னேன். அம்புக்குறி எல்லாம் ஒரே திசையில் போனது. வென்சிம் என்ற மாடலிங் சாஃப்ட்வேரில் மாதிரி செய்தால் சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டுவதிலேயே நேரம் போய்விட்டது. வெள்ளை பாட்டில், கருப்பு பாட்டில் சோதனை (ஏரி நீரை வெளிச்சத்திலும் இருட்டிலும் வைத்து ஆக்சிஜன் மாற்றத்தை ஒப்பிடுவது) நன்றாக வந்தது, ஆனால் அதில் சேறே இல்லை.

இன்னும் மூன்று லேப்தான் மிச்சம். சேறு, பாசி, ஆக்சிஜன் மூன்றும் ஒன்றையொன்று தூண்டுவதை மாணவர்களே கண்டுபிடிக்க, சாதாரண கல்லூரி லேப் வசதியில் என்ன சோதனை கொடுக்கலாம்?