பேய்க் குறும்படம் திரையிட இருட்டான இடம் வேண்டும்
நாங்கள் நாலு பேர் எடுத்த 14 நிமிடப் பேய்ப் படத்தையும் நண்பர்களின் இன்னும் மூன்று படங்களையும் சென்னையில் ஒரு சனிக்கிழமை இரவு திரையிடப் பார்க்கிறோம். ஐம்பது பேர் உட்காரும் இடம் போதும். போன வாரம் பார்த்த நாடகக் கூடம் அருமைதான், ஆனால் சன்னல் வழியே தெருவிளக்கு நேரே திரையில் விழுகிறது, பக்கத்துக் கடை ஜெனரேட்டர் சத்தம் வேறு (பேயே ஓடிவிடும்). கறுப்புத் துணி கட்டிச் சமாளித்தவர்கள் உண்டா, எவ்வளவு செலவானது?

அப்புறம் ஒரு குழப்பம். ஸ்பெயினில் 1968 முதல் நடக்கும் சிட்ஜஸ் திகில், கற்பனைப் பட விழாவுக்கும் லண்டனின் ஃப்ரைட்ஃபெஸ்ட் திகில் பட விழாவுக்கும் அனுப்ப ஆசை. சில விழாக்கள் முதல் திரையிடல் தங்களிடம்தான் நடக்க வேண்டும் என்பார்கள். டிக்கெட் போடாமல் தெரிந்தவர்களுக்கு மட்டும் காட்டினாலும் அது கணக்கில் வருமா? நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்ததை டிசிபிக்காக (திரையரங்குகளில் ஓட்டும் டிஜிட்டல் கோப்பு வடிவம்) 24 ஆக்கியவர்கள், ஒலியை என்ன செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.