பொய் அறியும் கருவி முன்னால் உட்கார்ந்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடையில் நான் கணக்கு பார்த்த காலம். ஒரு ஜோடி வளையல் காணாமல் போனது. முதலாளி தனியார் ஆள் ஒருவரை வரவழைத்து எங்கள் எல்லாருக்கும் பாலிகிராஃப் சோதனை வைத்தார். சம்மதம் என்று முதலிலேயே கையெழுத்து வாங்கினார்கள். மாட்டேன் என்றால் நம் மேல்தான் சந்தேகம் திரும்பும், அதனால் யாரும் மறுக்கவில்லை.

நெஞ்சிலும் வயிற்றிலும் ரப்பர் குழாய், கையில் பிரஷர் பார்க்கிற பட்டை, விரல்களில் வியர்வையை அளக்கிற தகடு. கேள்விகளை முன்கூட்டியே படித்துக் காட்டினார். வளையல் கேள்விகளுக்கு நடுவே, “இதுவரை அடுத்தவர் பொருளை எடுத்ததே இல்லையா?” என்றும் ஒன்று வரும். நிரபராதி இதற்குத்தான் அதிகம் பதறுவார், எடுத்தவர் வளையல் கேள்விக்குப் பதறுவார் என்பது அவர்கள் கணக்கு. அன்று கவுன்டரில் நின்ற அக்காவுக்கோ வளையல் என்று காதில் விழுந்தாலே கை நடுங்கியது. எஸ் பாஸில், அதாவது வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில் வந்தவர், வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அவர் எப்படிப் பதறாமல் இருப்பார்? ‘பொய் சொல்வதற்கான அறிகுறி’ என்று முடிவு வந்தது. பாஸைப் புதுப்பிக்கவில்லை. வளையலை யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

பதில்: படிக்கவே வருத்தமாக இருக்கிறது. அமெரிக்காவில் 1988 சட்டப்படி, பெரும்பாலான தனியார் முதலாளிகள் பொருள் காணாமல் போனால்கூட நியாயமான சந்தேகம் உள்ளவரை மட்டும்தான் சோதனைக்குக் கேட்கலாம். முடிவை மட்டும் வைத்து வேலையை விட்டு எடுக்க முடியாது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2010-ல் கட்டாயப்படுத்திச் சோதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. இன்னொரு பக்கம் பாருங்கள்: சோவியத்துக்கு ரகசியம் விற்ற சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986-லும் 1991-லும் இதே சோதனையில் தேறினார். தொடர் கொலைகாரன் கேரி ரிட்ஜ்வே 1984-ல் தேறி, 2001-ல் டிஎன்ஏ மூலம்தான் பிடிபட்டான்.

பதில்: ஆனாலும் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். துவாஸில் எங்கள் கிடங்கில் சரக்கு குறைந்தபோது, கருவியை மாட்டுவதற்கு முன்னாலேயே ஒருவர் ஒப்புக்கொண்டார். சரக்கும் திரும்பக் கிடைத்தது.

பதில் (முதலில் எழுதியவர்): சரி அண்ணே, அது நடக்கும். பயத்தில் ஒப்புக்கொள்ள வைக்கிறது என்பதால்தான் இது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் பயம் வேறு, பொய் வேறு. கருவி அளப்பது மூச்சு, ரத்த அழுத்தம், வியர்வை, அவ்வளவுதான். வேலையில் இருப்பவர்களைச் சலித்துப் பார்க்க இதன் துல்லியம் போதாது என்று அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் 2003-லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. அப்புறம், உங்களிடம் யாராவது கையெழுத்து கேட்டால், முடிவை யார் யார் பார்ப்பார்கள், அதை வைத்து வேலையில் கை வைப்பார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அன்று எங்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.