ரெட்ரோ அரங்கம்: "மீள்பாணி" என்ற சொல்லை முன்மொழிகிறேன்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய பாணியை நினைவூட்டும்படி புதிதாகக் கட்டுவதைக் குறிக்க விளையாட்டரங்கக் கட்டடக்கலையில் வழங்கும் "ரெட்ரோ" என்ற சொல்லுக்குப் "பழம்பாணி", "மரபுமீட்பு" என்னும் இரு பரிந்துரைகள் இவ்விழையில் வந்துள்ளன. இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்களே. ஆயினும் அரங்கங்களில் அந்தப் பாணியைப் பரப்பிய கட்டடத்தின்மீதே உரசிப் பார்த்தால் இரண்டும் தேறவில்லை என்பது என் கருத்து.

அக்கட்டடம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1992 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட கேம்டன் யார்ட்ஸ் பேஸ்பால் அரங்கம். அதற்கு முந்தைய தலைமுறையில், பேஸ்பாலுக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் ஒன்றே போதும் என்று எண்ணி, பல நகரங்கள் வட்டமான கான்கிரீட் அரங்கங்களைக் கட்டின. இரு ஆட்டங்களின் களங்களும் வடிவில் வேறானவை என்பதால் பார்வையாளர்கள் களத்தைவிட்டுத் தள்ளி உட்கார நேர்ந்தது. பிட்ஸ்பர்க் அரங்கத்தையும் சின்சினாட்டி அரங்கத்தையும் வேறுபடுத்திக் காண்பதே கடினமாக இருந்தது. இவற்றுக்கு "அச்சுவார்ப்பு அரங்கம்" என்ற பெயர் இயல்பாகப் பொருந்தும்.

கேம்டன் யார்ட்ஸ் பேஸ்பாலுக்கென்றே எழுந்தது. செங்கல் முகப்பும், மூடி மறைக்காத எஃகுச் சட்டங்களும், இருபுறமும் ஒத்திராத களமும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து அரங்கங்களை நினைவூட்டுகின்றன. நடைவழியை ஒட்டிய இருக்கைகளின் பக்கச் சட்டத்தில் 1890களில் அந்நகரில் ஆடிய அணியின் சின்னம்கூட இருக்கிறது. ஆனால் உள்ளே தனியறைகள் உள்பட இக்கால வசதிகள் எல்லாம் உண்டு. "பழம்பாணி" என்றால், 1912இல் திறக்கப்பட்டு இன்றும் ஆட்டம் நடக்கும் பாஸ்டனின் ஃபென்வே பார்க்கையும் அப்படித்தானே அழைப்போம்? பழையதையும், பழையதை நினைத்துப் புதிதாகக் கட்டியதையும் பிரித்துக் காட்டாத சொல் நமக்கு உதவாது.

"மரபுமீட்பு" இதைவிட நெருங்கி வருகிறது. ஆனால் மீட்டல் என்பது ஏற்கெனவே இருக்கும் பொருளை அழிவிலிருந்து காப்பது. அந்தச் சொல்லுக்கு உரியது அதே வளாகத்தில் வேறொன்று உண்டு. வலப்புறக் களத்துக்கு அப்பால், 1,000 அடிக்கு மேல் நீளும் பழைய ரயில்வே சரக்குக் கிடங்கை இடிக்காமல் அரங்கத்தின் பின்னணியாகவே ஆக்கிக்கொண்டார்கள். மீட்கப்பட்டது கிடங்கு, அரங்கத்தில் ஒரு பாணி மீண்டிருக்கிறது. மீள்தல், மீட்டல் என்னும் தன்வினை பிறவினை வேறுபாடு இவ்வளவு துல்லியமாக நமக்குக் கைகொடுக்கும்போது அதை விட்டுவிடக் கூடாது.

ஆகவே "மீள்பாணி" என்று முன்மொழிகிறேன். "மீள்பதிப்பு" என்றால் பழைய நூல் புதுத் தாளில் வருவதை நாம் உடனே உணர்கிறோம் அல்லவா? மீள்பாணி அரங்கம், மீள்பாணிக் கட்டடக்கலை என்று தொடர்களும் எளிதில் அமையும். கேம்டன் யார்ட்ஸின் தாக்கத்தை எழுதவும் இது இடம் கொடுக்கிறது: 1994இல் கிளீவ்லாந்து, 1995இல் டென்வர், 2000இல் சான் பிரான்சிஸ்கோ என மீள்பாணி பரவியது, பிட்ஸ்பர்க்கில் பழைய அச்சுவார்ப்பு அரங்கம் தகர்க்கப்பட்டதும், புதிய மீள்பாணி அரங்கம் திறக்கப்பட்டதும் ஒரே ஆண்டில், 2001இல்.

அகராதிப் பதிவுக்கு இந்த வரையறை போதும் என்று நினைக்கிறேன்: "மீள்பாணி: முந்தைய காலமொன்றின் வடிவக் கூறுகளை வேண்டுமென்றே எடுத்தாண்டு, இக்கால வசதிகளுடன் புதிதாக ஆக்கும் பாணி." உடை, எழுத்துரு, கார் வடிவமைப்பு ஆகியவற்றுக்கும் இது பொருந்துகிறதா என்று அத்துறை நண்பர்கள் சோதித்துச் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்.